கட்டிய கையே தண்ணீர் காட்ட வேண்டும்

ஸ்ரீ:



பெருமாள் கோயில் பிரம்மோத்ஸவங்களில் எட்டாம் திருநாள் என்றவுடனே அடியார்கள் நினைவில் எழுவது குதிரை வாகன ஸேவை. ஆடல்மா என்னும் தம் குதிரையின் மீதேறி வந்து வழிமறித்த திருமங்கை மன்னனின் வரலாறு பல திவ்ய தேசங்களில் வேடுபறி உத்ஸவமாக நடித்துக் காட்டப்படுகிறது. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் நிலையில் சிற்பி அமைத்த அந்தக் குதிரையைக் கண்டு குழந்தைகள் குதூகலிக்கின்றனர். பெரியோர் அதன் கண்ணின் ஒளியையும் பிடரியின் வளைவையும் வியந்து நிற்கின்றனர். அந்த மரக்குதிரைக்குப் பசியில்லை, தாகமில்லை. வீதி வலம் முடிந்ததும் துணி போர்த்தி வாகன மண்டபத்தில் நிறுத்திவிட்டால் அடுத்த ஆண்டு வரை அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் உயிருள்ள குதிரைக்குத் தாகம் உண்டு. அந்தத் தாகத்தைப் பற்றிச் சில சொற்கள் எழுதவே அடியேன் துணிந்தேன். திருவிழா மலரில் எழுத இது ஒரு விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். முழுவதும் படித்த பின் அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

ஒரு வண்டிக்காரரின் வார்த்தை

அடியேன் பாடசாலையில் அத்யயனம் செய்துகொண்டிருந்த சிறு வயதில், ரயிலடிக்கு வெளியே இரண்டு மூன்று குதிரை வண்டிகள் நிற்கும். அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் முதியவர். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் நாங்கள் நான்கு மாணவர்கள் அவர் வண்டியில் ஏற விரைந்தோம். அவரோ எங்களைப் பார்க்கவும் இல்லை. வண்டியின் அடியில் தொங்கிய தகர வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வரிசையில் நின்று நீர் பிடித்து வந்து குதிரையின் முன் வைத்து, அது குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தும் வரை அசையாமல் நின்றார். அவர் உதடுகளும் வெயிலில் உலர்ந்திருந்தன. “நீங்கள் முதலில் குடிக்கக்கூடாதா?” என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

“சாமி, இத அவுத்து விட்டா அதுவே ஆத்துக்குப் போயிக் குடிச்சுக்கிடும். கட்டுனவன் நான்லா? நாந்தான தண்ணி காட்டணும்?” என்றார் அவர்.

சாஸ்திரம் கற்கச் சென்ற சிறுவர்களுக்கு ரயிலடியில் கிடைத்த பாடம் அது. அதன் பொருள் அன்று விளங்கவில்லை. பின்னாளில் அடியேன் செய்த ஒரு பிழையின் வாயிலாகவே விளங்கிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் தமிழில் மாட்டுக்கும் குதிரைக்கும் ‘தண்ணீர் கொடுத்தாயா’ என்று கேட்கும் வழக்கம் குறைவு. ‘தண்ணீர் காட்டினாயா’ என்றே கேட்கிறோம். இச்சொல்லில் ஆழ்ந்த நியாயம் ஒன்று அடங்கியிருக்கிறது. நீர் பூமியில் இருக்கிறது. குடிக்கும் வாய் பிராணிக்கு இருக்கிறது. நீரைத் தேடிச் செல்லும் காலையும் பகவான் அதற்கு அளித்திருக்கிறான். நடுவில் குறுக்கிட்டது நம் கயிறு ஒன்றே. ஆகவே நீர் இருக்குமிடத்தைக் காட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நாம் கொடுப்பவர்கள் அல்லர். மறித்ததை விலக்குபவர்கள்.

காயலில் இறங்கிய குதிரைகள்

நம் முத்துக் கரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சங்க நூலான பட்டினப்பாலை, கடல்வழியே காவிரிப்பூம்பட்டினத்திற்குக் குதிரைகள் வந்ததைக் குறிப்பிடுகிறது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கப் பொன் கொடுத்தனுப்பிய கதையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அந்தப் பாண்டியரின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று, தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்திலிருந்த காயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊர் அதுவே. ஆற்று வண்டல் படிந்து கடல் விலகிப் போனதால் துறைமுகம் இருந்த சுவடும் இன்று எளிதில் தெரிவதில்லை. முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, ஹொர்முஸ் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் காயலுக்கு வந்ததை எழுதியிருக்கிறார். ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கும் மேல். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவான். அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குவர். ஆயினும் ஆண்டின் முடிவில் நூறு குதிரைகள் கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்கிறார் அவர். அவற்றைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை என்றும், வெப்பமும் அவற்றுக்கு ஒவ்வவில்லை என்றும் காரணம் கூறுகிறார். இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை வைத்தியம் அறிந்தவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனராம். குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்!

பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியது இன்னும் நுணுக்கமானது. கீஸ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒவ்வொன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசனின் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டது. இங்கு வந்திறங்கிய குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாட்கள் முளையடித்துக் கயிற்றால் கட்டி லாயத்தில் நிறுத்தினார்கள். வறுத்த வாற்கோதுமையையும் நெய் சேர்த்த தானியத்தையும் தின்னக் கொடுத்தார்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பால் கொடுத்தார்கள். பின்னர்ப் பழக்காமலே அவற்றின் மேல் ஏறி விரட்டினார்கள். சில காலத்திற்குள் வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் தளர்ந்து பயனற்றுப் போயின.

இவ்விரு செய்திகளையும் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டுகிறேன்.

முதலாவது கடலில் நிகழ்ந்தது. ஐம்பது குதிரைகள் ஏற்றிய கப்பல் ஒன்று ஒரு மாதம் கடலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு முப்பது லிட்டர் என்றால் நாற்பத்தையாயிரம் லிட்டர் நன்னீர் வேண்டும். நீர்க்கலம் வைக்கும் இடத்தில் விற்பனைச் சரக்கை வைக்கலாம். இறந்த குதிரைக்கும் விலை நிச்சயம் என்று ஆன பிறகு, அந்த இடத்தை நீருக்கு விட்டுக்கொடுக்க வணிகன் மனம் எளிதில் இசையுமா? எவருடைய தாகத்தால் நமக்கு நஷ்டம் இல்லையோ அவருடைய தாகம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது அந்தக் காலத்து வணிகருக்கு மட்டும் உரிய குணம் அன்று.

இரண்டாவது கரையில் நிகழ்ந்தது. இங்கு கஞ்சத்தனம் இல்லை. பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள் நெய்யையும் பாலையும் கொட்டி வளர்த்தார்கள். அன்பில் குறைவில்லை, செலவில் குறைவில்லை. ஆனால் நெய்யும் பாலும் மனிதனுக்கு உயர்ந்தவை. குதிரைக்கு உயர்ந்தவை புல்லும் நீரும் நடையுமே. நமக்குப் பிரியமானதை நாம் அதற்கு அளித்தோம். அதற்கு வேண்டியது என்னவென்று கேட்கவில்லை. அது சொல்லவும் இயலாது.

அடியேன் செய்த அபசாரம்

இனி என் கதை. சற்றேறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் உத்ஸவ கைங்கர்யத்திற்கு அடியேன் அழைக்கப்பட்டிருந்தேன். புறப்பாட்டின் முன்னே நடத்திச் செல்வதற்காக வாடகைக்கு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அதைக் கோயில் வாசலில் ஒரு தூணில் கட்டினார்கள். கொண்டுவந்தவன் எங்கோ சென்றுவிட்டான். நெற்றிப் பட்டம், சலங்கை, பட்டுச் சேணம் எல்லாம் பூட்டியாயிற்று. வந்த அடியார்கள் அதைத் தொட்டு வணங்கினார்கள். குழந்தைகள் கையால் சர்க்கரைப் பொங்கலையும் புளியோதரையையும் அதற்கு ஊட்டினார்கள். அதுவும் தின்றது. ‘எவ்வளவு சாது!’ என்று எல்லாரும் மகிழ்ந்தனர்.

அன்று திருமஞ்சனத்திற்காக ஆற்றிலிருந்து தீர்த்தம் எடுத்து வரும் பணி அடியேனுடையது. தோளில் வெள்ளிக் குடத்துடன் அந்தக் குதிரையைக் கடந்து மும்முறை சென்றேன். மூன்றாம் முறை அது கழுத்தை நீட்டிக் குடத்தின் பக்கம் மூக்கை உயர்த்தியது. தீர்த்தம் அசுத்தமாகிவிடுமே என்று ஒதுங்கி நடந்தேன். அதன் கண்ணையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அது தரையில் விழுந்து புரண்டது. தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கால்நடை மருத்துவர் வந்து சோதித்து, மூக்கின் வழியே குழாயைச் செலுத்தி மருந்தும் நீரும் ஏற்றி நள்ளிரவு வரை போராடினார். குதிரை பிழைத்தது. புறப்படும் போது அவர் கேட்ட கேள்வி இது: “காலையிலிருந்து இத்தனை பேர் இதற்கு ஊட்டியிருக்கிறீர்களே, ஒருவர் கூடத் தண்ணீர் காட்டவில்லையா சுவாமி?”

எவரும் காட்டவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் காட்டியிருப்பார் என்று எண்ணினோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பசியும் தாகமும் இல்லாத எம்பெருமானுக்கு ஒவ்வொரு உபசாரத்திலும் அர்க்யம், பாத்யம், ஆசமனீயம், பானீயம் என்று முறை தவறாமல் நீர் ஸமர்ப்பிக்கிறவன் நான். அந்தர்யாமியாய் அவன் எழுந்தருளியிருக்கும் ஓர் உயிர் நீரை நோக்கிக் கழுத்தை நீட்டியபோது விலகி நடந்தவனும் நானே. ரயிலடிப் பாயின் வார்த்தை அன்றுதான் என் செவியில் ஏறியது.

பாரதப் போரின் நடுவே ஒரு தடாகம்

மஹாபாரதத்தில் துரோண பர்வம் படித்தவர்கள் இந்தக் கட்டத்தை நினைவுகூர்வார்கள். போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். தவறினால் தான் தீயில் விழ வேண்டும். ஒவ்வொரு கணமும் பொன்னினும் அரிது. அந்நிலையில் தேர்க்குதிரைகள் அம்புகள் தைத்து, களைத்து, தாகத்தால் வாடின. வேறொருவனாயிருந்தால் சவுக்கை எடுத்திருப்பான். அர்ஜுனனோ பகைவர் சூழ்ந்த நடுக்களத்தில் தேரை விட்டு இறங்கினான். குதிரைகளுக்குக் குடிக்க இங்கு நீர் இல்லையே என்று பகவான் சொல்ல, அர்ஜுனன் அஸ்திரத்தால் பூமியைப் பிளந்து ஒரு தடாகத்தை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைத்தான். அவன் தரையில் நின்று பகைவரைத் தடுத்துக்கொண்டிருக்க, கண்ணபிரான் தன் திருக்கைகளால் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, நீர் குடிக்கச் செய்து, நீராட்டி, இரை கொடுத்து, களைப்பு நீங்கிய பிறகே மீண்டும் தேரில் பூட்டினான்.

கீதையை உபதேசித்த வாய்க்கு நாம் பல்லாண்டு பாடுகிறோம். அது தகும். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கையையும் நினைக்க வேண்டாமா? பார்த்தஸாரதி என்னும் திருநாமத்தில் தேரோட்டியின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. கடிவாளம் பிடிப்பது அதில் ஒரு பகுதியே.

இங்கு கவனிக்க வேண்டியது அவிழ்த்தல், நீர் காட்டல், பூட்டல் என்னும் வரிசை. நேரமில்லை என்பது நமக்கு எப்போதும் கிடைக்கும் காரணம். அன்று அர்ஜுனனுக்கு இருந்ததைக் காட்டிலும் குறைந்த நேரம் நம்மில் எவருக்கும் இருந்ததில்லை.

தானமா, கடனா?

கட்டிய பிராணிக்கு நீர் காட்டுவது தானமா, கடனா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

முப்பத்திரண்டு அறங்களுள் தண்ணீர்ப் பந்தலும், விலங்கிற்கு உணவும், ஆவுரிஞ்சு கல் நாட்டுதலும் எண்ணப்படுகின்றன. வழிப்போக்கனுக்கும் யாருக்கும் சொந்தமில்லாத பிராணிக்கும் நாம் நீர் வைத்தால் அது அறம், அதற்குப் புண்ணியம் உண்டு. ஆனால் நாமே கட்டி வைத்த பிராணியின் நிலை வேறு. மீமாம்ஸகர்கள் கர்மங்களை நித்யம் என்றும் காம்யம் என்றும் பிரிப்பார்கள். காம்யத்தைச் செய்தால் பலன் உண்டு, செய்யாவிட்டால் குற்றமில்லை. நித்யத்தைச் செய்ததற்காக எவரும் மார்தட்டிக்கொள்ள முடியாது. செய்யாவிட்டால் ப்ரத்யவாயம் என்னும் தோஷம் வந்து சேரும். கட்டிய குதிரைக்கு நீர் காட்டுவது ஸந்த்யாவந்தனம் போன்ற நித்யம். அதைப் புண்ணியக் கணக்கில் எழுதுகிறவன், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானம் செய்ததாகச் சொல்கிறவனுக்கு ஒப்பாவான்.

இதற்குச் சில ஆக்ஷேபங்கள் உண்டு.

‘அந்தப் பிராணி தாகத்தால் வருந்துவது அதன் பூர்வ கர்மம் அல்லவா?’ என்பர் சிலர். இருக்கட்டும். அதன் கர்மம் அதனுடையது, கயிறு என்னுடையது. பிறருடைய கர்மத்தைக் காரணம் காட்டி என் கடமையை நான் தள்ளுவதற்குச் சாஸ்திரம் இடம் தரவில்லை.

‘மனிதருக்கே குடிநீர் இல்லாத ஊரில் குதிரைக்கு எங்கே போவது?’ என்பர் வேறு சிலர். இது மெய்யான சங்கடம். உவர்நீர் நிறைந்த தூத்துக்குடி நகரம் நன்னீருக்காக ஏங்கிக் கிடந்ததும், நகர்மன்றத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து அவர்களின் முயற்சியால் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் வந்ததும் இங்குள்ளோர் அறிந்ததே. ஆனால் அந்தச் சங்கடத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய வேளை கட்டுவதற்கு முன்பு. நீர் காட்ட இயலாதவன் குதிரையைக் கட்டாமல் இருக்கலாம். அதற்கு எவரும் அவனைக் குறை கூறார். கட்டிவிட்ட பிறகு இல்லை என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை.

‘நல்லெண்ணத்தோடுதானே பொங்கல் ஊட்டினார்கள்?’ என்பது மூன்றாவது கேள்வி. என்னை மிகவும் வருத்திய கேள்வி இது. அந்தக் குழந்தைகளிடம் குற்றம் காண மாட்டேன். ஆனால் வயது வந்தவர்களாகிய எங்களிடம் குற்றம் உண்டு. அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாமலிருப்பது அன்பாகாது. காயலின் லாயங்களில் நெய் வார்த்த கைகளும், கோயில் வாசலில் பொங்கல் ஊட்டிய கைகளும் ஒரே பிழையைச் செய்தன. எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் அதே இடத்தில் நிற்கலாகாது.

கேளாத தாகம்

ஆகவே அறிந்துகொள்வோம். நானூற்றைம்பது கிலோ எடையுள்ள குதிரை ஓய்வாக நிற்கும்போதே நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை நீர் குடிக்கும். நம் கரையின் வெயிலிலும் உழைப்பிலும் அது இரு மடங்காகலாம். பசும்புல்லில் முக்கால் பங்கு நீர் இருக்கிறது. உலர்ந்த வைக்கோலையும் தானியத்தையும் தின்றால் குடிநீர் அதிகம் வேண்டும். நீர் குறைந்தால் இரை குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது, ஆகவே வயிற்றில் சேர்ந்த கேடு வெளியேற மேல்வழி இல்லை.

மற்றொரு செய்தி அடியேனை வியக்க வைத்தது. நமக்கு வியர்த்தால் நீர் மிகுதியாகவும் உப்புக் குறைவாகவும் வெளியேறுகிறது. இரத்தத்தில் உப்பு மிகுவதால் தாகம் எழுகிறது. குதிரையின் வியர்வையிலோ இரத்தத்தில் உள்ள அளவுக்கு உப்பு இருக்கிறது. நீரும் உப்பும் ஒருசேரப் போய்விடுவதால், உடல் வற்றியிருந்தும் தாகம் தோன்றாமல் போவதுண்டு. நீர் வைத்தும் குடிக்கவில்லையே, ஆகவே தாகமில்லை என்று முடிவு செய்வது தவறு. பேச இயலாத உயிருக்கு நாம் அதன் நாவாக இருக்க வேண்டும் என்பார்கள். சில வேளை அதன் தாகமாகவும் நாமே இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்து நம் ஊர் உப்பளத்திலேயே விளைகிறது. குதிரைக்கு நாள்தோறும் ஒரு கைப்பிடி அளவுக்குக் குறைவாக, சுமார் 25 முதல் 30 கிராம் உப்பு வேண்டும். மிகவும் வியர்த்த நாளில் இன்னும் கூடும். அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் அச்வாத்யக்ஷன் என்னும் குதிரைக் கண்காணிப்பாளனின் கடமைகளைக் கூறுமிடத்தில், குதிரையின் அன்றாட உணவில் உப்பையும் அளவிட்டுச் சேர்த்திருக்கிறார். நாள்தோறும் இருமுறை நீராட்டவும் விதித்திருக்கிறார். கடும் உழைப்புக்குப் பின் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புக் கரைத்த நீரை முதலில் காட்டி, பிறகு நல்ல நீரைக் காட்டினால் தாகம் தூண்டப்பட்டுக் குதிரை நன்றாகக் குடிக்கிறது என்று இக்காலத்து ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கின்றனர்.

‘சூடேறிய குதிரைக்கு நீர் காட்டாதே, மேலே நீர் ஊற்றாதே’ என்பது பழைய நம்பிக்கை. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளால், சூடான குதிரையின் உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றுவதால் கெடுதல் இல்லை, அது நன்மையே என்பது தெளிவாயிற்று. குடிக்கவும் கொடுக்கலாம். இடைவிட்டுச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நலம்.

யாத்திரிகர்களுக்கு விண்ணப்பம்

இன்று ரயிலடியில் குதிரை வண்டிகள் இல்லை. ஆயினும் கல்யாண ஊர்வலங்களிலும், கடற்கரைகளிலும், நம் மாவட்டத்துக் கிராமங்களில் நடக்கும் வண்டிப் பந்தயங்களிலும், திருவிழாக்களிலும் குதிரைகளைக் காண்கிறோம். அவ்வாறு ஒரு குதிரை கட்டப்பட்டிருக்கக் கண்டால் அருகில் வாளி இருக்கிறதா என்று பாருங்கள். தின்பண்டம் ஊட்டுமுன் ‘தண்ணீர் காட்டியாயிற்றா?’ என்று உடையவனைக் கேளுங்கள். கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் ஓரிரு விநாடியில் சமமாக வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் உடல் வற்றியிருக்கிறது. ஈறு ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். உலர்ந்து ஒட்டினால் ஆபத்து. இதை உடையவனையே பார்க்கச் சொல்லுங்கள்.

குதிரை வைத்திருப்பவர்கள் தொட்டியை நாள்தோறும் கழுவ வேண்டும். பாசி படிந்த நீரையும், மணம் மாறிய நீரையும் குதிரை மறுத்துவிடும். கடற்கரையூர்க் கிணறுகளின் உவர்நீர் அதற்கு ஆகாது. வெளியூருக்குக் கொண்டுபோகும்போது பழகிய நீரைக் கூடவே எடுத்துச் செல்வது உத்தமம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடைச் சட்டத்தின்படி, தன் பிராணிக்குப் போதிய உணவும் குடிநீரும் தங்குமிடமும் அளிக்காத உடைமையாளன் குற்றவாளி. வண்டியிழுக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக்கூடாது என்றும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வேலையே வாங்கக்கூடாது என்றும் கூறுகின்றன. ஆயினும் சட்டம் கண்காணிப்பவன் உள்ள இடத்தில்தான் நடக்கும். தர்மம் கட்டியவன் நெஞ்சிலேயே நடக்க வேண்டும்.

குதிரை என்பது ஓர் உதாரணம் மட்டுமே. கொட்டிலில் நிற்கும் பசு, கூண்டில் அடைத்த கிளி, சங்கிலியில் பிணைத்த நாய், படுக்கையை விட்டு எழ இயலாத முதிய தாய், நம் வீட்டில் வேலை செய்துகொண்டு கேட்கக் கூசி நிற்கும் ஏழைச் சிறுமி என, நம் கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் இது. அவர்கள் கேட்கவில்லை என்பதால் கடன் தீராது. நமக்குப் பிரியமானதைக் கொடுத்தோம் என்பதாலும் தீராது. அவர்களுக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து அளித்தால் மட்டுமே தீரும். அதுவும் அன்றைக்கு மட்டுமே தீரும். மறுநாள் காலையில் மீண்டும் எழும்.

இப்போதெல்லாம் அடியேன் கைங்கர்யம் செய்யும் திருவிழாவில் குதிரை வந்தால், தீர்த்தக் குடம் எடுக்கப் புறப்படுமுன் ஒரு வாளி நீரை அதன் முன் வைத்து, அது தலை நிமிர்த்தும் வரை நிற்கிறேன். இதனால் புண்ணியம் வருமென்று எண்ணவில்லை. பழைய பாக்கியில் ஒரு சிறு பகுதி அடைகிறது என்றே எண்ணுகிறேன்.

இன்றிரவு வீதியில் குதிரை வாகனம் வரும்போது கைகூப்பி ஸேவியுங்கள். மறுநாள் ஊர் திரும்பியதும், வாசலில் கட்டியிருக்கும் உயிரிடம் முதலில் செல்லுங்கள்.

சுபம்.